ஐந்து மணிப் பஸ்ஸும் இருபத்திரண்டு கைகளும்

தலைமை தாங்கும் தம்பி குலேந்திரன் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, பனியில் நடந்து பழகிய தாய்மாரே, பொங்கல் மணக்கும் இம்மண்டபத்தில் கூடியிருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

நான் எழுத்தறியாதவன். ஆண்டை இலக்கமாகச் சொல்ல மாட்டேன். கொரோனாவால் கோயில் தேர் வீதிக்கு வராது நின்ற வருசம். நம் சங்கத் தலைவர் குலேந்திரனின் மகள் சரணியாவின் கலியாணத்தை நாமெல்லாம் போன் திரையில் பார்த்த வருசம். சிரியாதை பிள்ளை சரணியா, அந்தச் சாப்பாடு எங்களுக்கு இன்னும் வரேல்லை. அந்த வருசந்தான் நம் நகரசபை கடனில் மூழ்கி, அதன் வரவு செலவைக் கன்டோன், அதாவது மாநில அரசு, தன் கையில் எடுத்தது.

என்ன நின்றது? நூலகத்தின் சனிக்கிழமை நின்றது. நீச்சல்குளத்தின் சூடு நின்றது. விடியற்காலை ஐந்து மணிப் பஸ் நின்றது. மேட்டுக் குடியிருப்பிலிருந்து முதியோர் இல்லச் சமையலறைக்கு மூன்று பெண்கள் நடக்கத் தொடங்கினார்கள். ஐந்து பனிக்காலம்.

சென்ற ஆண்டு கடன் அடங்கியது. கன்டோன் கையை எடுத்தது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் பிடி விட்டதும் என்ன செய்வது? கார்த்திகையில் பாடசாலை மண்டபத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. வரியைக் குறை என்றனர் சிலர். வரி அப்படியே இருக்கட்டும், பஸ் திரும்பட்டும், மிச்சம் சேமிப்புக்குப் போகட்டும் என்றது சபையின் திட்டம். "திட்டத்தை ஏற்போர் கை உயர்த்துக" என்றார் நகரத் தலைவர்.

வாக்குரிமை பெற்ற நம்மவர் இருபத்திரண்டு பேர். ஒரு கையேனும் எழுந்ததா? மூத்தவர் தூக்கட்டும் என்று இளையோர் என்னைப் பார்த்தார்கள். சங்கத் தலைவர் தூக்கட்டும் என்று நான் குலேந்திரனைப் பார்த்தேன். "அண்ணை முதலிலை தூக்கட்டும் எண்டுதானே இருந்தனான்" என்கிறார், கேட்கிறதா? ஓம் தம்பி, மரியாதை நல்லதுதான். பஸ் அதில் ஓடாது.

எண்ணுபவர் நம் வரிசையைத் தாண்டப் போனார். அப்போது, வாக்குரிமை இல்லாதோர் அமரும் ஓரத்து வாங்கிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது.

"என்ன, எல்லாரும் கையிலை மருதோண்டி போட்டிருக்கிறியளோ? அது காயுமட்டும் நான் நடக்கிறதோ?"

நகரத் தலைவர் மணியடித்தார். பார்வையாளர் பேசக் கூடாது என்றார். பேச வேண்டியதை அந்தப் பெண் பேசி முடித்திருந்தார். இருபத்திரண்டு கைகளும் எழுந்தன.

ஏற்றவர் நூற்றுப் பன்னிரண்டு. மறுத்தவர் தொண்ணூற்றாறு. கழித்துப் பாருங்கள் பிள்ளைகளே. நம் கைகள் மடியிலேயே கிடந்திருந்தால்?

கண்காணிப்பு முடிந்தது, கவனம் முடியுமா? இனிக் கணக்கும் நமது, கடனும் நமது, கையும் நமது. அடுத்த கார்த்திகையில் யார் முகத்தையும் பாராமல் அதைத் தூக்குங்கள்.

சென்ற திங்கள் அந்தப் பஸ்ஸில் வேலையில்லாத நானும் ஏறிப் போனேன். உள்ளே நல்ல சூடு.

நடந்த மூவரில் மனோகரி கொரோனாவில் போனார். செல்வராணி போன மாசியில் கண்மூடினார். பஸ் திரும்பியதை அவர் காணவில்லை. கிழவனுக்குச் செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. நிறைவாக என் வணக்கம், நேற்றும் அந்தப் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து வேலைக்குப் போனவருக்கு, அன்று ஓரத்து வாங்கிலிருந்து நம்மை ஏசியவருக்கு, அதோ கதவடியில் நிற்கும் இராசம்மாவுக்கு.