தாத்தாவை விற்க ஒரு கையெழுத்து

பஞ்ஜி: …ஒரே ஒரு கையெழுத்துடா. ரெண்டு பேரும் சேந்து வாங்கினாலும் வண்டிப் புத்தகம் உன் பேர்லதான் இருக்கு. இல்லேன்னா உன்னக் கூப்பிட்டே இருக்க மாட்டேன்.

கலாங்: இந்தப் பாசத்துக்காகத்தான் சோலோவிலேர்ந்து ரயிலேறி ஓடி வந்தேன்.

பஞ்ஜி: கிண்டலெல்லாம் அப்புறம். மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் வாங்கற ஆளு வந்துடுவாரு. போடு.

கலாங்: தாத்தாவ விக்கப் போறோம்னு தாத்தாகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?

பஞ்ஜி: அது மோட்டார் சைக்கிள்டா.

கலாங்: அதுக்குத் தாத்தான்னு பேர் வெச்சது யாரு? காலைல எழுப்பினா இருமுது, மேடு வந்தா நிக்குது, மழை பேஞ்சா எங்கயும் வர மாட்டேங்குதுன்னு பேர் வெச்சது நீதான்.

பஞ்ஜி: அப்ப நமக்கு இருபது வயசு.

கலாங்: இப்ப இருபத்தாறு. தள்ளாத வயசு.

இபு தார்மி: வழி விடுங்க, வழி விடுங்க… ரெண்டு சோத்தோ சூப்பு! கோழி நெறய போட்டிருக்கேன். ஏ கலாங், நேர்ல பாத்து எவ்ளோ நாளாச்சு! மூஞ்சி உப்பிருக்கே, பேங்க்கு வேலையா?

கலாங்: இல்ல இபு. சிமெண்ட் கடைல கணக்கு எழுதறேன்.

இபு தார்மி: அதான் ஆளு கெட்டிப்பட்டுட்ட. மொதல்ல குடிங்க. சூடு போச்சுன்னா அது சோத்தோ இல்ல, கழனித் தண்ணி. ஆமா கலாங், அன்னிக்கு நீ—

கலாங்: இபு, சம்பல்! இன்னும் கொஞ்சம் சம்பல் வேணும்!

இபு தார்மி: மேஜை மேலயே இருக்கே.

கலாங்: இது காரம் பத்தல இபு. உள்ள புதுசா அரைச்சது இருக்கும்ல, அது.

இபு தார்மி: ஊரை விட்டுப் போனா நாக்கும் நீளுது பாரு. இரு, வரேன்.

பஞ்ஜி: நீ காரமே திங்க மாட்டியே?

கலாங்: சிமெண்ட் கடைல பழக்கி விட்டுட்டானுங்க… டேய், அதே பச்ச பெஞ்சுடா. இந்தக் கால் இன்னும் ஆடுது. மாசக் கடைசில ரெண்டு பேருக்கு ஒரு சோத்தோ, ரெண்டு கரண்டி.

பஞ்ஜி: இபுன்னா அம்மாதானே, பாதில வந்து ஒரு கரண்டி சோறு போட்டுட்டுப் போவாங்க.

கலாங்: நாம கேக்காத மாதிரி, அவங்க குடுக்காத மாதிரி.

பஞ்ஜி: …ம். சரி, பேனா இந்தா.

கலாங்: அவசரப்படாத. தாத்தாவ வித்து என்ன பண்ணப் போறேன்னு மொதல்லேர்ந்து சொல்லு.

பஞ்ஜி: போன்லயே சொன்னேனே. என் வர்த்தகக் கணக்குல பணம் ஏறி நிக்குது. வெளிய எடுக்கணும்னா மொதல்ல வரி கட்டணும். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டலேன்னா கணக்கையே முடக்கிடுவாங்க.

கலாங்: எவ்ளோ ஏறி நிக்குது? காட்டு.

பஞ்ஜி: பாரு.

கலாங்: அடேயப்பா! டேய், இதுக்கு நம்ம காலேஜையே வாங்கிடலாமே.

பஞ்ஜி: நக்கல் பண்ணாத.

கலாங்: நெசமாத்தான் சொல்றேன். வாங்கினா மொதல்ல ரெண்டாவது மாடி கக்கூஸ் குழாயச் சரி பண்ணு. நாலு வருஷமா ஒழுகிச்சு. இத எங்க புடிச்ச?

பஞ்ஜி: போன்ல வீடியோ பாத்துட்டிருந்தேன். ஒருத்தன் பூனைக்குத் தொப்பி தெச்சுப் போட்டான். அதுக்கடுத்ததா, டீவில செய்தி வாசிக்குமே அந்தம்மா வந்து, வீட்டுல உக்காந்தே தங்க வர்த்தகம் பண்ணலாம்னு சொன்னாங்க.

கலாங்: வாயும் சத்தமும் ஒண்ணாப் போச்சா?

பஞ்ஜி: கொஞ்சம் முன்ன பின்னதான். நம்ம விடுதி வைஃபைல எல்லாருமே அப்படித்தானே பேசினாங்க… பழகிருச்சு.

கலாங்: அது கம்ப்யூட்டர் ஒட்டின வாய்டா. தான் தங்கம் விக்கறது அந்தம்மாவுக்கே தெரியாது. அப்புறம்?

பஞ்ஜி: கீழ ஒரு லிங்க் இருந்துச்சு, தொட்டேன். ஒரு குழுவுல சேத்தாங்க. முன்னூறு பேரு. பேராசிரியர் ஹர்தாவான்னு ஒருத்தர். அவரோட உதவியாளர் மிஸ் விவியன். தெனம் காலைல 'சாப்பிட்டீங்களா அண்ணா'ன்னு கேப்பாங்க.

கலாங்: விவியனுக்கு மீசை இருக்கும்டா.

பஞ்ஜி: படம் பாத்தேன், அழகா இருந்தாங்க.

கலாங்: படம் எங்கயாவது துணி விளம்பரத்துலேர்ந்து எடுத்தது. பின்னாடி ஒரு கொட்டாய்ல நாப்பது பசங்க, ஆளுக்குப் பத்து போன். ஒரே நேரத்துல நானூறு பேர்கிட்ட சாப்பிட்டாச்சான்னு கேப்பானுங்க. உன்ன வேற யாருமே கேக்கறதில்லையா?

பஞ்ஜி: யாரு கேக்கறா? நீ சோலோ போயிட்ட. நம்ம கூடப் படிச்ச லிந்தாங் பாலிக்குப் போயிட்டா. இந்த ஊர்ல எல்லாரும் நாலு வருஷத்துல பொட்டியக் கட்டிடறாங்க. புதுப் பசங்க வரானுங்க, நான் பைண்டிங் பண்ணிக் குடுக்கற ஆய்வேட்டத் தூக்கிட்டு அவனுங்களும் போயிடறானுங்க. நான் மட்டும் அதே தெரு, அதே பசை டப்பா. இபு கேப்பாங்க. அத விட்டா… விவியன்தான்.

கலாங்: …போன் பண்ணியிருக்கலாம்ல?

பஞ்ஜி: நீயும் பண்ணியிருக்கலாம்.

கலாங்: சரி… சரி. பேராசிரியர் வகுப்பெல்லாம் எடுத்தாரா?

பஞ்ஜி: எடுத்தாரு. குரல் மட்டுந்தான். ஒண்ணும் புரியல. கடைசில ஏதாவது சந்தேகம் இருக்கான்னு கேட்டாரு.

கலாங்: கேட்டியா?

பஞ்ஜி: பேராசிரியர்கிட்ட எப்படிடா? அவரு அவ்ளோ நேரம் பேசியிருக்காரு, சந்தேகப்பட்டா நோகாது? எல்லாரும் 'நன்றி பேராசிரியர்'னு போட்டாங்க. நானும் போட்டேன். கை கூப்பின மாதிரி பொம்மை ஒண்ணும் சேத்துப் போட்டேன்.

கலாங்: பொம்மை வேறயா! காலேஜ்லயும் இதத்தான் பண்ணோம். செலவுக் கணக்கு வகுப்புல தலையாட்டித் தலையாட்டி எனக்குக் கழுத்து வலியே வந்துச்சு. அந்த முன்னூறு பேருல எத்தன பேரு திருடனோட ஆளு, எத்தன பேரு உன்ன மாதிரி மரியாதைக்காரன்னு யாருக்குத் தெரியும்? சரி, இந்தச் செயலி போன்லயே இருக்கற செயலிக் கடைல இருந்துச்சா, இல்ல லிங்க்கா?

பஞ்ஜி: லிங்க்.

கலாங்: நட்டம் வந்த நாள் ஒண்ணாவது உண்டா?

பஞ்ஜி: இல்ல. தெனமும் ஏறும்.

கலாங்: தென்னை மரம் ஏறறவன் கூட தெனமும் ஏற மாட்டான்டா. உரிமம் இருக்குன்னு சொன்னானுங்களா?

பஞ்ஜி: முத்திரையெல்லாம் போட்டுப் படம் அனுப்பினாங்க.

கலாங்: நேத்து ராத்திரி அரசாங்கத் தளத்துல அந்தக் கம்பெனிப் பேரத் தேடினேன். பட்டியல்லயே இல்ல. சரி, வரி யாருக்குக் கட்டணும்?

பஞ்ஜி: ஒரு கணக்கு எண் குடுத்தாங்க.

கலாங்: யாரு பேர்ல?

பஞ்ஜி: …சுப்ரப்தோ.

கலாங்: நம்ம நாட்டு வரித்துறைக்குப் பேரு சுப்ரப்தோவா?

பஞ்ஜி: போன தடவை வேற பேரு. ஒரு அம்மா.

கலாங்: வரித்துறைக்குக் கல்யாணமே ஆயிருச்சு, நமக்குத்தான் பத்திரிக்கை வரல. டேய், நம்ம பணத்த நமக்குக் குடுக்க நம்மகிட்டயே பணம் கேக்கறவன் திருடன்டா! லாபம் அங்கயே இருந்தா அதுலேர்ந்து வரியக் கழிச்சுக்க வேண்டியதுதானே?

பஞ்ஜி: ம்.

கலாங்: என்ன ம்?

பஞ்ஜி: சரியாத்தான் சொல்ற. பேனாவப் புடி.

கலாங்: இவ்ளோ நேரம் யார்கிட்ட பேசிட்டிருந்தேன், பெஞ்சுகிட்டயா?

பஞ்ஜி: கலாங்… போடுடா. ப்ளீஸ்.

கலாங்: மாட்டேன். சுப்ரப்தோவுக்காகத் தாத்தாவ விக்க மாட்டேன். பராங்த்ரித்திஸ் கடற்கரைக்குப் போனமே, ஞாபகம் இருக்கா? ஹாரன் கெடையாது. பின்னாடி உக்காந்தவந்தான் கத்தணும்.

பஞ்ஜி: நீ பீப் பீப்னு கத்தின. நான் மாட்ட ஓட்டற மாதிரி கத்தினேன்.

கலாங்: உனக்குத்தான் எல்லாரும் வழி விட்டாங்க. திரும்பி வரப்ப செயின் அறுந்து, உப்புக் காத்துல தள்ளிக்கிட்டே வந்தோம். நீ பாடிக்கிட்டே வந்த.

பஞ்ஜி: பாடல. அழுதேன்.

கலாங்: அழுதியா? நான் ராகம்னு நெனச்சு தாளம் வேற போட்டேனே!

பஞ்ஜி: பரீட்சைல தேறலேன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. உன்கிட்ட சொல்லல. நீ தாளம் போட்டதும் சிரிச்சுட்டேன்… அதோட விட்டுட்டேன்.

கலாங்: இப்பதான் சொல்ற.

பஞ்ஜி: இபுவுக்குச் சந்தைலேர்ந்து அரிசி மூட்டை ஏத்திட்டு வந்ததும் தாத்தா மேலதான். எனக்கு மட்டும் அத விக்க ஆசையா?

இபு தார்மி: இந்தா உன் சம்பல். கண்ணுல தண்ணி வரும், அப்புறம் என்னக் கொற சொல்லக் கூடாது. என்ன பஞ்ஜி, நம்ம சமாச்சாரம் வந்துச்சா?

பஞ்ஜி: வந்… வந்துரும் இபு. இன்னிக்கு சாயங்காலம்.

இபு தார்மி: கடையோட சொந்தக்காரர் காலைலயே வந்து நின்னாரு. வருஷ வாடகை எங்கன்னாரு. நாளைக்கு லாபத்தோட சேத்து வாங்கிக்கங்கன்னு சொன்னேன். அவரு முழிச்சாரு பாரு! சோத்தோ விக்கறவளுக்கு லாபம் எங்கேர்ந்து வருதுன்னு கேட்டாரு. எங்க பஞ்ஜி இருக்கான், தங்கத்துல போட்டிருக்கான்னு சொன்னேன். இன்னிக்கு நீங்க காசு குடுக்கக் கூடாது, ஆமா. எண்ணெய் காயுது, வரேன்.

கலாங்: பஞ்ஜி.

பஞ்ஜி: மெதுவாப் பேசு.

கலாங்: கடை வாடகையா?

பஞ்ஜி: வருஷம் பூரா சேத்து வெச்சது. மொத வாரம் எனக்குக் கொஞ்சம் எடுக்க விட்டானுங்க. தூண்டில்ல மாட்டற புழு… அப்பத் தெரியல. கைல நெசமான காசு வந்துச்சு. நேரா இங்க வந்தேன். சாப்பிட்டுட்டிருந்த எல்லாருக்கும் நான்தான் காசு குடுத்தேன். வாழ்க்கைல மொதத் தடவையா இபுவுக்கு முன்னாடி பையத் தொறந்து எடுத்து வெச்சேன்டா.

கலாங்: இபு பாத்தாங்க.

பஞ்ஜி: நல்லாப் பாத்தாங்க. மறுநாள் அந்த வாடகைப் பணத்தத் துணில முடிஞ்சு என்கிட்ட எடுத்துட்டு வந்தாங்க.

கலாங்: எப்ப தெரிஞ்சுது உனக்கு? இது ஏமாத்துன்னு?

பஞ்ஜி: அந்த அம்மா பேருக்கு மொத வரி கட்டினப்புறம். நீ சொன்ன அதே தளத்துல நானும் தேடினேன். போலீஸுக்கும் போனேன். எழுதிக்கிட்டாங்க, பணம் திரும்புமான்னு சொல்ல முடியாதுன்னாங்க. சுப்ரப்தோவுக்குக் கட்ட நான் என்ன பைத்தியமா?

கலாங்: அப்ப தாத்தாவ…

பஞ்ஜி: வித்து இபு கைல குடுத்து, 'இந்தாங்க உங்க பணமும் லாபமும், கணக்க மூடிட்டேன், இனிமே போட வேணாம்'னு சொல்லிடுவேன். கடை நிக்கும். அவங்களுக்கு எதுவும் தெரியாது.

கலாங்: இத என்கிட்ட நேரா சொல்றதுக்கென்ன? வரி கிரின்னு எதுக்குடா நாடகம்?

பஞ்ஜி: நான் இன்னும் ஏமாந்துட்டிருக்கேன்னு நெனச்சா நீ சிரிப்ப. வருஷக் கணக்கா வெச்சுக் கிண்டலடிப்ப, அது பரவால்ல. இது தெரிஞ்சா சிரிக்க மாட்டியே.

கலாங்: …சம்பல் காரம்டா. கண்ணு எரியுது.

பஞ்ஜி: என் பாதி மட்டும் வாடகைக்குப் பத்தாது. உன் பாதியக் கடனாக் குடு. பசை டப்பா மேல சத்தியமா மாசா மாசம் அனுப்பிடறேன்.

கலாங்: புத்தகத்தத் தள்ளு. எங்க போடணும்?

பஞ்ஜி: கீழ. அந்தக் கோட்டுல.

கலாங்: இந்தா. முழுசா இபுகிட்ட குடுத்துரு. என் பாதிக்குக் கடன் கிடன்னு பேசாத.

பஞ்ஜி: ஏய், சும்மா எப்படி வாங்கறது? இபுவ இதுல இழுத்து விட்டது நான்தானே… உனக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?

கலாங்: துணில முடிஞ்சு உன்கிட்ட கொண்டு வந்தாங்கல்ல, அதுக்கு முந்தின சாயங்காலம் எனக்கு போன் பண்ணாங்க. 'நீ கணக்குப் படிச்ச புள்ள, பஞ்ஜி சொல்றது சரியா வருமா'ன்னு கேட்டு, உன் செயலியோட படத்த அனுப்பினாங்க. பாத்த ஒடனே தெரிஞ்சுது… இன்னிக்கு உன்கிட்ட அளந்தேனே, அவ்வளவும் அன்னிக்கே தெரியும். ஆனா, 'பஞ்ஜி தலையெடுத்துட்டான்டா'ன்னு அவ்ளோ ஆசையாச் சொன்னாங்க. அந்தக் கொரல்ல வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. 'நல்லாத்தான் இருக்கும் இபு, போடுங்க'ன்னேன்டா.