9967ஆல் வகுத்தால்

எதையும் பின்னாலிருந்து தொடங்குவதுதான் என் பழக்கம், ஐயா. நாளிதழைக்கூடக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். அதில் குற்றம் ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நானும் என் தங்கையின் கணவரும் ஒரே அலுவலகம். எண் அட்டவணை அச்சிடும் இடம். எது பகா எண், எது பகு எண் என்று காகிதத்தில் வகுத்துப் பார்த்து முத்திரை குத்துவது எங்கள் பிழைப்பு. மாப்பிள்ளை கெட்டிக்காரர், அதை ஊருக்கே சொல்லிக்கொள்ளும் அளவுக்குக் கெட்டிக்காரர். போன பதிப்பில் 8051ஐப் பகா எண் என்று விட்டுவிட்டேன். எண்பத்துமூன்றையும் தொண்ணூற்றேழையும் பெருக்கினால் வந்துவிடும். ஆனைக்கும் அடி சறுக்கும். அவரோ என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அலுவலகமே கூடியிருக்க, "மச்சானுக்கு வாய்ப்பாடு கொஞ்சம் மறந்துபோச்சு" என்றார். வீட்டில் தங்கையும் அதைக் கேட்டுச் சிரித்தாள்.

பிறகு 9,94,00,891 வந்தது. ஒற்றைப்படை. இலக்கங்களின் கூட்டுத்தொகை நாற்பது, ஆகவே மூன்றுக்கு மசியாது. ஒன்றில் முடிவதால் ஐந்துக்கும் இல்லை. பார்வைக்கு அசல் பகா எண்தான். அதன் வர்க்கமூலம் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதுவரையுள்ள ஆயிரத்து இருநூற்று இருபத்தெட்டுப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். சின்னதிலிருந்து மேலே போவது அலுவலக முறை. மாப்பிள்ளை முறை தவறாதவர்.

அதே வாரம் கண் மருத்துவர் அவருக்கு ஒரு மாதம் கெடு வைத்தார். அதற்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பார்வை திரும்பாது. இந்த எண்ணை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். தங்கை என்னிடம் வந்து அழுதாள். "அண்ணே, நீங்களாவது அதைச் சீக்கிரம் முடிச்சுக் குடுங்க. அப்புறம் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்துடுவார்."

முடித்துவிட்டேன், ஐயா. அன்று மாலையே, தேநீர் ஆறுவதற்குள். வரிசையின் கடைசிப் பகா எண்ணான 9967ஆல் வகுத்தேன். ஈவு 9973, மீதி பூஜ்யம். தங்கையிடம் "பார்க்கலாம்மா" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அவர் ஒரு நாளைக்கு இருபது வகுத்தல் போட்டார். மருத்துவரின் கெடு முடிந்த அன்று நாலாயிரத்து நானூறு வாக்கில் இருந்தார். இரண்டாம் மாதக் கடைசியில் 9967க்கு வந்தபோது தன் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. ஓர் இலக்கத்தை மாற்றிப் படித்து, மீதி இருப்பதாக நினைத்து, பகா எண் என்று முத்திரை குத்தினார். மறுநாள் எல்லார் முன்னிலையிலும் அந்தப் பிழையை மிக மரியாதையாகச் சுட்டிக்காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

இனி அவருக்குப் பார்வை வராதாம். கணக்குப் போட்ட காகிதத்தில் தேதி எழுதி வைப்பவன் நான். அதைத் தங்கை பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. ஆமாம், முதல் வாரத்திலேயே எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் சொல்லாமல் இருந்தேன். ஆனால் அவளும் நியாயத்தை யோசிக்க வேண்டும். அவருக்குக் கண் மங்கிய பிறகு, தினமும் காலையில் கையைப் பிடித்துப் படியேற்றி, அந்த மேசைவரை கொண்டுபோய் உட்காரவைத்தது யார்? கூடப்பிறந்தவளுக்காக ஓர் அண்ணன் இதைவிட என்னதான் செய்வான்?