அசையாதீங்க பெரியம்மா

ஒரு சிரிப்புச் சமாச்சாரம் இருக்கு பெரியம்மா. சொன்னா ஸ்டூல்லேர்ந்து விழுந்துருவீங்க, அதனால இப்ப சொல்ல மாட்டேன். ஆடாதீங்க, ஆடாதீங்க! தோள்ல குத்தியிருக்கற குண்டூசி இறங்கிரும். வாயத் தொறக்கவே கூடாதுன்னு அந்த டிசைனர் ஆபீஸ் மேடம் போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்ல? பொம்மை மாதிரி நிக்கணும். எதுத்த மாடியிலேர்ந்து அவங்க ஆளு பாத்துக்கிட்டே இருப்பாரு. பேசினா அவுட்டு, மூக்கச் சொறிஞ்சா அவுட்டு. நீங்க கண்ண மட்டும் காட்டுங்க, நான் புரிஞ்சுக்குவேன். இந்தக் கடையில எங்கம்மாவ நீங்க கண்ணாலதான வேலை வாங்கறீங்க, எனக்கும் அந்தப் பாஷை வந்துருச்சு.

என்ன, மணியா? பத்தே முக்கால். பதினொண்ணுக்குத்தான் கேமரா வரும். அதுக்குள்ள இடுப்புல இன்னும் நாலு ஊசி போட்டுர்றேன். கவுனையும் பின்னாடி இருக்கற தட்டியையும் சேத்துப் பிடிக்கணும், அப்பதான் துணி விறைப்பா நிக்குமாம். இதுவும் அந்த மேடம் சொன்னதுதான். குத்துதா? அழகுன்னா சும்மாவா பெரியம்மா. இது நீங்க சொன்னது.

வெளிய பாத்தீங்களா கூட்டத்த? கண்ணாடியில மூக்க அழுத்திக்கிட்டு நிக்கறாங்க. டாக்டரம்மா, பாங்க் மேனேஜரோட சம்சாரம், அவங்க கூட்டிட்டு வந்த நாத்தனாரு. எல்லாம் நீங்களே நேத்து போன் போட்டு வரச்சொன்ன ஆளுங்கதான். நான் இஸ்திரி போட்டுக்கிட்டே கேட்டேனே. ஹலோஓஓ, நாந்தான் பேசறேன், நாளைக்கு அவசியம் வந்துரணும், இந்த சீசன் சாதாரணப் பெண்களுக்கான சீசனாம், ஊரெல்லாம் தேடிக் கடைசில என்னையத்தான் மாடலா எடுத்துருக்காங்க, நான் எவ்வளவோ வேண்டாம்னேன், விட மாட்டேங்கறாங்க...

எப்படி இருக்கு? உங்க ஹலோவோட வாலு இன்னும் கொஞ்சம் நீளணும், அது மட்டும் பிடிபடல.

கண்ணு பெருசாகுது! ஆமா பெரியம்மா, எனக்கு எல்லார் குரலும் வரும். ஸ்கூல்ல எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் குரல்ல மைக்கு பிடிச்சு அரை நாள் லீவு விட்டிருக்கேன். பாதி வாத்தியாருங்க டிபன் பாக்ஸத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வருஷமா தினம் ஸ்கூல் விட்டு இங்கதான் வர்றேன். ஏய், கத்திரி எடு. ஏய், நூலு பொறுக்கு. என்கிட்ட நீங்க பேசினது அவ்வளவுதான். நான் பேசி நீங்க கேட்டதே இல்லியே.

சிரிப்புச் சமாச்சாரமா? வர்றேன் இருங்க, என்ன அவசரம். மொதல்ல இந்தக் கவுனப் பத்திப் பேசணும். கடுகு மஞ்சள்ல கத்திரிப்பூ நிறப் பட்டை, யாருக்குப் பெரியம்மா தோணும்? ஒரு கை முழங்கை வரைக்கும், இன்னொண்ணு விரல் வரைக்கும். பாக்கெட்டு முதுகுல. மறைக்கறதெல்லாம் பழைய ஃபேஷன் மேடம், இந்த சீசன்ல தையல் மொத்தமும் வெளிய தெரியணும், லைனிங் வெளிய வரணும், அளவு பாக்க ஓட்டுற வெள்ளை நூலு அப்படியே இருக்கணும், மிஷின் தையலே கூடாது. அந்த ஆபீஸ் மேடம் போன்ல சொல்லச் சொல்ல நீங்க பில்லு புக்கோட பின்பக்கம் எழுதிக்கிட்டீங்க. மூணாம் நாளு லைன் சரியில்ல, இடுப்பளவக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கன்னாங்க. நாப்பத்திரெண்டு! நாப்பத்திரெண்டு மேடம்! கடையில அஞ்சு கஸ்டமர் இருந்தாங்க. தெருவுல போன சைக்கிள்காரர்கூட திரும்பிப் பாத்தாரு.

அம்மா மட்டும் சொன்னாங்க. ஞாபகம் இருக்கா? அக்கா, இது உள்புறம் வெளிய வந்த மாதிரி இருக்குக்கா, எதுக்கும் ஒரு தடவ விசாரிச்சுக்கோயேன்... அம்மா குரலு இப்படித்தான், தொண்டைக்குள்ளயே சுத்திட்டு வரும். அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க? உன் உடம்பக் கண்ணாடியில பாத்திருக்கியாடி? நீ எனக்கு ஃபேஷன் சொல்லித் தர்றியா? போயி காஜா எடு. அம்மா போயி பட்டன் ஓட்டை தெச்சாங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சரி விடுங்க, அக்கா தங்கச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும்.

இந்த ஸ்டூலு ஆடுது இல்ல? ஒரு காலு குட்டை. அம்மாவுக்குப் பழக்கம், அவங்க வலது பக்கம் சாஞ்சு நிப்பாங்க. நீங்க இன்னிக்கித்தான மொதல் தடவ ஏறறீங்க.

ஒவ்வொரு சீசன் மொதல் சனிக்கிழமையும் இதுமேல யாரு நிப்பா? புது டிசைன நீங்க அம்மாவுக்குத்தான் மொதல்ல மாட்டுவீங்க. வேணும்னே ரெண்டு இஞ்சு குறைச்சுப் பிடிச்சு. அதுக்கு ஓரம் மடிச்சுத் தெக்கறதும் அம்மாதான், மொத நாளு ராத்திரி. அப்புறம் நீங்க கூட்டத்தப் பாத்து, பாருங்கம்மா, சாதாரண உடம்புல இதை அப்படியே மாட்டினா இந்த லட்சணம்தான். கோணியில தலகாணியத் திணிச்ச மாதிரி. இங்க பிதுங்குது பாருங்க. இங்க பாருங்க. இதையே நான் உங்க உடம்புக்கேத்தாப்ல வெட்டிக் குடுத்தா எப்படி இருக்கும் தெரியுமா... உடனே பக்கத்துல இருக்கற பொம்மையத் திருப்பிக் காட்டுவீங்க. இங்க பிதுங்குதுன்னு சொல்றப்ப அளவுக் குச்சியால தொட்டுக் காட்டுவீங்கல்ல, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஒரே நாள்ல இருவது ஆர்டரு.

போன சீசன் விலாப்பக்கம் டர்ர்னு பிரிஞ்சுதே. இதே டாக்டரம்மா கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. நான் ட்ரையல் ரூம் திரைக்குப் பின்னாடி இருந்தேன். அம்மா ரெண்டு கையாலயும் விலாவப் பொத்திக்கிட்டு, அவங்களும் சிரிச்சாங்க பெரியம்மா.

எனக்கு எல்லார் குரலும் வரும்னேன்ல? பொய்யி. அந்தச் சிரிப்பு வரல. தினம் பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டுப் பழகிப் பாத்துட்டேன். பல்லு வருது, சத்தம் வருது, கண்ணு வர மாட்டேங்குது. யாராவது பக்கத்துல நின்னு எனக்குச் செஞ்சு காமிச்சாத்தான் வரும் போல.

ஆங், சிரிப்புச் சமாச்சாரம். சொல்லிர்றேன், மணி ஆயிருச்சு. அதோ அம்மாவும் வெளிய போயிட்டாங்க, கழுத்துல டேப்பு, கையில பாதி மடிச்ச துணி. அம்மா, வழிய மறைக்காதீங்க! பாருங்க, எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு நிக்கறாங்க, அம்மா மட்டும் சிரிக்கல. அவங்களுக்கு நல்லதே பிடிக்காது.

எதுத்த மாடியிலயா? அங்க யாரும் இல்ல பெரியம்மா. அது காலி வீடு, ஆறு மாசமாப் பூட்டிக் கிடக்கு.

நல்லாக் கேளுங்க.

வணக்கம் மேடம். டிசைனர் ஆபீஸ்லேர்ந்து பேசறோம். மேடத்தோட குரலே ரொம்ப ஸ்டைலா இருக்கே மேடம். இடுப்பளவு மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்றீங்களா? லைன் சரியில்ல.

நீங்க கல்லாவுல நின்னு எஸ் மேடம், எஸ் மேடம்னீங்க. நான் இஸ்திரி மேஜைக்கு அடியில, கையில போனோட. பன்னண்டு அடி இருக்குமா நடுவுல?

அய்யோ இழுக்காதீங்க! பின்னாடி இருவத்தாறு ஊசி இருக்கு. விலாப்பக்கம் மிஷின் தையல் கிடையாது, வெறும் வெள்ளை நூலு, உங்க கையாலயே ஓட்டுனது. கத்தணுமா? கத்துங்க. ஏமாந்துட்டாங்கன்னு டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சுரும், அவ்வளவுதான். கத்தாம, இறங்காம, எல்லாரும் பாக்கறப்ப ஒரு பொம்பள என்னதான் பண்ணுவா?

அட.

அதேதான் பெரியம்மா! பல்லு, சத்தம், கண்ணு, மொத்தமும் வந்துருச்சு! இன்னொரு தடவ சிரிங்க. கொஞ்சம் மெதுவா, நான் கத்துக்கணும்.