காய்ச்சல் பழுப்பு

செப்புக் காசை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை, ஐயா. பளபளவென்று இருந்தால் நல்ல விலை போகும் என்று, பாவம், அவர்களுக்கு ஒரு நினைப்பு. தேய்த்த காசு தோலுரித்த கோழி மாதிரி ஆகிவிடும். பழங்காசு சேர்ப்பவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். காலம் ஏற்றிய பழுப்புக்குத்தான் விலை. அதற்காகப் பச்சைத் தூள் பூத்துவிட்டாலும் போச்சு. அது காசையே அரித்துவிடும்.

என் பழங்காசுக் கடையில் அப்படித் தேய்த்துக் கெடுத்த காசுகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. பழுப்பு ஏற்ற என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

அப்போதுதான் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. கடைக்கு மேலே நாங்கள் இருவர் மட்டும்தான். கட்டிலருகே கிடந்த ஒரு காசை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"ஜில்லுனு இருக்குண்ணா. எங்கிட்டயே இருக்கட்டுமே."

மறுநாள் வாங்கிப் பார்த்தேன். வியர்வையில் ஊறி, அசல் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு இரண்டு கையிலும் கொடுத்தேன். துணிப்பையில் போட்டுக் கழுத்திலும் கட்டினேன். ஆனால் டாக்டர் தந்த மாத்திரைக்குக் காய்ச்சல் விட்டது, வியர்வை நின்றது, காசுகள் பாதி நிறத்தில் நின்றுபோயின. மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். அப்புறம் அதற்குப் பதிலாக, அதே நிறத்தில் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். சத்து மாத்திரை யாருக்கும் கெடுதல் இல்லையே.

"முன்னாடி கசந்துச்சு. இப்ப இனிக்குதேண்ணா," என்றாள்.

"வாய்க் கசப்பு போச்சுனா குணமாகுதுனு அர்த்தம்."

அவள் நம்பினாள். என் பேச்சை அவள் என்றைக்குமே தட்டியதில்லை.

டப்பா காலியாகிக்கொண்டு வந்தது. வாங்க வந்தவர்கள் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கைபடாத காசு" என்று மெச்சினார்கள். சிரிப்பை அடக்குவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. மாடியில் அவளுக்கு விரலை மடக்கவும் தெம்பில்லை. நானே மடக்கி, துணி சுற்றிக் கட்டிவிட்டேன். ஒரு காலையில் கட்டை அவிழ்த்தபோது கை சில்லிட்டிருந்தது.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, மறுக்கவில்லை. பாசமில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடைசியாக அவள் கையில் இருந்த காசை நான் விற்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன், பாருங்கள். பச்சைத் தூள் பூத்துவிட்டது. இதை யாரும் வாங்க மாட்டார்கள்.