மருமகன் கோப்பி அரைக்கும் நேரம்

நல்ல கோப்பிக்கு, கோப்பி போடும் மெஷினைவிட அரைக்கும் மெஷின்தான் முக்கியம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பளபளப்பான பெரிய மெஷினை முதலில் வாங்கிவிடுவார்கள். அரைப்பதற்கு எதையாவது வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பார்கள். நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான். நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன் ஐயா. இதைச் சொல்லாமல் அது விளங்காது.

துறைமுகத்தில் எனக்கு வேலை. வந்த கப்பல் தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்து, உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று கணித்துச் சொல்வேன். ஒரு விரற்கடை பிழைத்தால் கோதுமை லொறிக்கணக்கில் பிழைக்கும். அதனால் எதிலும் துல்லியம் பார்ப்பது என் குணமாகிவிட்டது. ஒருநாள் கோதுமைக் கப்பல் ஒன்றில் வேலை முடிந்ததும், அதன் தலைமை எஞ்ஜினியர், இத்தாலிக்காரர், தன் அறையில் எஸ்பிரெஸோ போட்டுத் தந்தார். இரண்டு மிடறுதான். கட்டியான கறுப்பு, மேலே தேன் நிறத்தில் நுரை. அன்று வீட்டுக்கு வந்து ஸல்ஹா தந்த கோப்பியைக் குடித்தபோது கோப்பை கழுவிய தண்ணீர் போல இருந்தது. அதை அவளிடம் அப்படியே சொன்னேன். ஸல்ஹா என் மனைவி. உங்களிடம் முறைப்பாடு கொடுத்தவள் அவள்தான்.

எங்கள் வீடு கிண்ணியாவில். எங்கள் வீடு என்று சொன்னாலும், அது ஸல்ஹாவுக்கு அவளுடைய வாப்பா கட்டிக்கொடுத்த சீதன வீடு. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். மாமா ஸெய்னுதீனும் குசினிச் சுவரோடு ஓர் அறையை இறக்கிக்கொண்டு அங்கே போனார். மாமி மௌத்தான பிறகு அதில் தனியாக இருந்தார். கந்தளாய்ப் பக்கம் அரிசி ஆலையில் உமித்தூசியைச் சுவாசித்தே காலத்தைக் கழித்தவர். நெஞ்சு கெட்டுவிட்டது. கடைசியில் ஒக்சிசன் மெஷின் இல்லாமல் அவரால் இருக்க முடியாத நிலை. மூக்கில் குழாய், கட்டிலடியில் மெஷின். அதற்குக் கரண்ட் எங்கள் குசினிச் சுவிட்சிலிருந்து சுவரைத் துளைத்துப் போனது. ஒரே வயரில் அவருடைய மெஷினும் என் கோப்பி அரைக்கும் மெஷினும். பிழை தொடங்கிய இடம் அந்த வயர்தான், ஆட்கள் அல்ல. அதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமா என்னை எப்படி நடத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மருமகன் என்றால் எத்தனை வருடமானாலும் விருந்தாளிதான். நான் குசினிக்குள் வந்தால், அந்த நெஞ்சோடும் அவர் கதிரையை விட்டு எழும்புவார். என் முன்னால் இருமல் வந்தால் துவாயால் வாயைப் பொத்திக்கொள்வார். ‘ஏலாது’ என்ற சொல்லை அவர் என்னிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை.

எஸ்பிரெஸோ மெஷினை வாங்கிவந்து, இனி அரைக்க ஒரு கிரைண்டர் வேண்டும் என்றபோது, முதலில் ஸல்ஹா அலுமாரியிலிருந்து சம்பல் அரைக்கும் கிரைண்டரை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“இது கிரைண்டர் இல்லாம என்ன, வானொலிப் பெட்டியா?” என்றாள்.

அவளுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். அதற்குள் சுழல்வது கத்தி. கத்தி கோப்பிக் கொட்டையை அடித்துச் சிதறடிக்கும். பாதி மாவாகும், பாதி நொய்யாகும். மாவிலிருந்து கசப்பு இறங்கும், நொய்யிலிருந்து புளிப்பு இறங்கும். எஸ்பிரெஸோவுக்கு இரண்டு உருக்குச் சில்லுகளுக்கு நடுவே நசிந்து, எல்லாத் துகளும் ஒரே அளவில் விழ வேண்டும். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அந்தக் கிரைண்டரில் சம்பல் அரைத்தாள்.

கையால் சுற்றி அரைக்கும் மெஷின் ஒன்று வாங்கிப் பார்த்தேன். நல்ல பொருள். ஆனால் எஸ்பிரெஸோ அளவுக்கு நைசாக அரைக்கத் தோள் விட்டுப்போகும். ஒருநாள் மாமா வாசலில் நின்று, “தாங்க மருமகன், நான் சுத்தித் தாறன், சும்மாதானே இரிக்கன்” என்றார். கொடுத்தேன். பாதியில் நிறுத்திச் சுவரில் சாய்ந்துவிட்டார். நடுவில் நின்றால் அரைவு சமமாக வராது. அதன் பிறகு அவருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை.

கரண்டில் ஓடுவதுதான் வழி என்று முடிவாயிற்று. அதிலும் அரைவைக் கூட்டிக் குறைக்கும் வளையம் படிப்படியாக நகர்கிற வகை ஒன்று, எந்த இடத்திலும் நிற்கிற வகை ஒன்று. இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு படிகளுக்கு நடுவில்தான் நல்ல கோப்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், படி வைத்த மெஷினில் அதை எட்டவே முடியாது. சில்லு கூம்பா தட்டையா என்பதைப் பற்றி மாதக்கணக்கில் வாசித்தேன். மகள் மின்ஹாவின் பரீட்சை முடிவு வந்த அன்றும் வாசித்துக்கொண்டிருந்தேன் என்று ஸல்ஹா முறைப்பாட்டில் சொல்லியிருப்பாள். உண்மைதான். மின்ஹா நன்றாகச் சித்தியடைந்து மட்டக்களப்பில் விடுதியில் இருந்து படிக்கிறாள், ஆகவே அதனால் ஒரு பாதிப்பும் இல்லை.

அந்த எஞ்ஜினியரே அடுத்த தடவை கப்பலில் அந்த அரைக்கும் மெஷினைக் கொண்டுவந்து தந்தார். பிறகு உபகரணங்கள். தூளை அழுத்த ஒரு கனமான அமுக்கி. கட்டி படாமல் கிளற மெல்லிய ஊசிகள் பதித்த கைபிடி. மில்லிகிராம் பிழைக்காத சின்னத் தராசு. கொட்டைக்கு ஈரம் தெளிக்க ஒரு சிறு போத்தல். வடித்து முடிந்த சக்கையைத் தட்டிப் போட ஒரு பெட்டி. இவற்றுக்கெல்லாம் மட்டம் பார்த்து ஒரு மேசை போட்டேன். சக்கைப் பெட்டி வைக்க வேண்டிய மூலையில் மாமாவின் சிறிய ஒக்சிசன் சிலிண்டர் நின்றது. கரண்ட் போனால் பாவிக்கவென்று வைத்திருந்தது. அதைப் பின்வளவுக் கொட்டிலுக்கு மாற்றினேன். எறியவில்லை, மாற்றினேன்.

மேசை போட்ட முதல் வாரமே சிக்கல் தெரிந்தது. ஒக்சிசன் மெஷின் ஓடும்போது அரைத்தால் மோட்டாரின் சத்தம் இறங்கும். சத்தம் இறங்கினால் வேகம் இறங்குகிறது, வேகம் இறங்கினால் அரைவு மாறுகிறது. கோப்பி நூலாக வடியாமல் குபுக்கென்று கொட்டியது. லிங்கநகரிலிருந்து வயர் வேலை செய்யும் சிந்துஜன் வந்து பார்த்தான்.

“நானா, ஐயாவின்ர மெஷினுக்குத் தனி லைன் ஒண்டு இழுக்க வேணும். அரைநாள் வேலை. உந்த மேசையை மட்டும் கழட்டித் தாங்கோ,” என்றான்.

மேசையைக் கழற்றினால் மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். தராசைச் சரிபார்க்க வேண்டும். மழை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று அவனை அனுப்பிவைத்தேன். தனி லைன் இழுக்கவே மாட்டேன் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

அதுவரைக்கும் இருக்கிற சுலபமான வழியை மாமாவிடமே கேட்டேன். கேட்காமல் செய்யவில்லை. கோப்பி அரைக்கிற கொஞ்ச நேரம் அவருடைய சுவிட்சை நிறுத்தினால் பரவாயில்லையா என்றேன்.

“ஓம் மருமகன், நீங்க அரைங்க,” என்றார். “நான் மூச்ச மெதுவா எடுக்கன்.”

கரண்ட் நின்றால் அந்த மெஷின் விடாமல் கூவும். முதல்நாள் கூவியது. அடுத்த நாள் கூவல் அமுங்கிக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமா தன் தலையணையை அதன்மேல் வைத்துக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார். மருமகனுக்குத் தொந்தரவாக இருக்கும் என்றார். இப்படிப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்களுக்குள் மனத்தாங்கல் இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஸல்ஹாவுக்கு அது ஒரு விடுமுறை நாளில் தெரியவந்தது. அவள் சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடுகிறவள் அல்ல.

“வாப்பாட்டக் கேட்டா ஓமெண்டுதான் சொல்லுவார். மருமகன் கழுத்தக் கேட்டாலும் ஓமெண்டுதான் சொல்லுவார்,” என்றாள். “அவர்ட வாயக் கேக்காதீங்க. அவர்ட நகத்தப் பாருங்க, நீலமா இரிக்கி.”

பார்த்தேன். அந்த அறையில் வெளிச்சம் போதாது என்பது என் அபிப்பிராயம். இருந்தாலும் இனி நிறுத்துவதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அவள் வீட்டில் இருக்கும் நேரங்களில் அந்த வாக்கைக் காப்பாற்றியும் வந்தேன்.

இனி அந்தக் காலை. நல்ல மழை. ஸல்ஹா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய்விட்டாள். முந்திய நாள் புதுக் கொட்டை வந்திருந்தது. புதுக் கொட்டைக்கு அரைவைப் புதிதாகப் பிடிக்க வேண்டும். அரைத்து, வடித்து, ருசித்து, வளையத்தை மயிரிழை திருப்பி, மறுபடி அரைக்க வேண்டும். ஈரக்காற்றில் இது இன்னும் இழுபடும். ஒவ்வொரு தடவையும் மாமாவின் சுவிட்சைப் போட்டுப் போட்டு நிறுத்துவது அந்த மெஷினுக்குக் கூடாது. மோட்டார் பழுதாகிவிடும். அப்புறம் மாமா என்ன செய்வார்? ஆகவே நிறுத்தியபடியே விட்டேன்.

முதலில் வந்தது புளித்தது. அடுத்தது கசந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றைச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கவில்லை. தலையணைக்கடியில் கூவல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. விரல் கணுவால் மெதுவாகத் தட்டுகிற சத்தம். அவர் முன்பு ஒருநாளும் அப்படித் தட்டியதில்லை. அப்போதுதான் கோப்பி நூலாக இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் கையை எடுக்க முடியாது.

“இந்தா முடியிது மாமா,” என்றேன்.

“அவசரமில்ல மருமகன்,” என்றார்.

சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவர் எடுத்த நேரம் கூடுதலாக இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். ஆனால் அவசரமில்லை என்று சொன்னது அவர். அவருடைய மூச்சைப் பற்றி அவரைவிட எனக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கோப்பை சரியாக வந்தது. கப்பலில் குடித்ததைவிட நன்றாக வந்தது. ஆறினால் அதில் ஒன்றும் இல்லை என்பதால் அங்கேயே நின்று குடித்தேன். பிறகு அதே அரைவில் இன்னொன்று போட்டேன். அது மாமாவுக்கு. இவ்வளவு காலமும் இவ்வளவு பொறுத்துக்கொண்ட மனிதருக்கு ஒரு வாய் கொடுக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியது. கொண்டுபோனேன். அவர் தலையணையின்மேல் கவிழ்ந்து கிடந்தார். கை இன்னும் அதை அழுத்திக்கொண்டிருந்தது. கூவலும் நின்றிருந்தது.

தலையணையை எடுத்து அவர் தலைக்கு வைத்தேன். குழாயைச் சரிப்படுத்தினேன். குசினிக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டேன். ஸல்ஹாவுக்கு அழைப்பு எடுத்து, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாப்பா போய்விட்டார் என்றேன். ஊருக்கும் அதையே சொன்னேன். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை அடக்கினோம். அவரைச் சுமந்துபோன சந்தூக்கில் என் தோளும் இருந்தது. மருமகன் எப்படி அழுகிறார் பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். அது நடிப்பல்ல.

மறுநாள் வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போன ஸல்ஹா, சக்கைப் பெட்டி நிரம்பி வழிவதைக் கண்டாள். ஒன்றன்மேல் ஒன்றாக வட்டு வட்டாகச் சக்கை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆட்கள் பார்த்திருக்க என் முன்னால் வைத்தாள்.

“இவ்வளவையும் நீங்க அரைச்சு முடிக்கிற வரைக்கும் வாப்பா என்ன செய்துக்கிட்டு இருந்தார்?” என்று கேட்டாள்.

கோப்பியைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. வீடு அவளுடையது. நான் இப்போது தோப்பூரில் என் கூடப்பிறந்த ராத்தா வீட்டில் இருக்கிறேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. சுவிட்சை நிறுத்தியது நான். தட்டியதைக் கேட்டும் போடாமல் விட்டது நான். எல்லாம் முடிந்த பிறகு போட்டதும் நான். சான்றுப்பொருள் என்று என் கிரைண்டரை இங்கே கொண்டுவந்திருக்கிறீர்கள். அதில் யாரோ மல்லி அரைத்திருக்கிறார்கள், உள்ளே வந்ததும் வாசம் வந்தது. அதைப் பற்றி முறைப்பாடு செய்யும் நிலையில் நான் இல்லை என்பது விளங்குகிறது. மற்றபடி, ஸல்ஹாவின் பக்கத்துக் கதை மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது என்பது என் மனக்குறை. மாமா உயிரோடு இருந்திருந்தால் இங்கே வந்து என் பக்கம் நின்று பேசியிருப்பார். மருமகனை விட்டுக்கொடுக்கிற மனிதர் அல்ல அவர்.