மணி ஓய்ந்த பிறகு

பெரிய வியாழன் மாலைப் பூசை ஆறரைக்கு. அதற்குள் அண்ணனுக்குச் சவரம் செய்து முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்ததிலிருந்து அவருக்கு நான்தான் சவரம். தையல்காரன் கை, கீறாது என்பார் அண்ணி.

"பூசைக்குப் போகலையாடா?" என்றார். வாய் கோணியிருந்ததால் சொற்கள் குழைந்து வந்தன.

"அண்ணி போயிருக்காங்க. உங்களை யாரு பாத்துக்கிறது?"

"நான் என்ன எழுந்து ஓடவா போறேன்?"

சிரித்தார். நுரை மூக்கில் ஏறியது. துடைத்துவிட்டேன்.

நீங்கள் யாரும் என்னைத் தேடி வரவில்லை, ஐயா. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

அண்ணன் கோயில்பிள்ளையாக இருந்தவர். மணி அடிப்பது, பீடம் துடைப்பது, எந்த நாளில் அடக்கம் வைக்கலாம் என்று சாவு வீட்டாருக்குச் சொல்வது, எல்லாம் அவர் வேலை. ஆறு வருஷத்துக்கு முன் என் மனைவி ஒரு பெரிய வியாழனில் இறந்தாள். கோயில் பாட்டுக் குழுவில் பாடியவள். மறுநாள் அடக்கம். பெரிய வெள்ளியில் பூசை கிடையாது, மணி கிடையாது, பாட்டும் கிடையாது. அண்ணன் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். யாரோ கதவைத் தட்டுவது போல் இருந்தது. சாமியார் செபம் சொன்னார். மண் போட்டோம். முப்பதாம் நாள் பூசை வைத்தோம். அதில் அவள் இல்லை.

விதி அது என்றால் அதுதான். நான் குறை சொல்லவில்லை.

இந்தத் தவக்காலத்தில் புதுச் சாமியார் அங்கிக்கு அளவு கொடுக்கக் கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். தூக்கிய கையை இறக்காமலே, "ஏன் அவசரப்பட்டீங்க? ஈஸ்டர் முடிஞ்சு திங்கக்கிழமை வரைக்கும் வெச்சிருந்தா பூசையோட எடுத்திருக்கலாமே," என்றார். நாடாவைச் சுருட்டினேன். என்ன அளவு எடுத்தேன் என்பது மறந்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமைதான் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். துணியெல்லாம் நான் தைத்தது. கல்யாண மணியோடு சாவு மணி கலக்கக் கூடாது என்று, என் மனைவியைச் சத்தமில்லாமல் மண்ணுக்குள் அனுப்பிவிட்டார். கூடப் பிறந்தவர். அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். அவள் போன மறுநாள் காலை எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் இதற்கு நினைவு தேவையில்லை.

அண்ணனை டாக்டர் ஏற்கெனவே கைவிட்டிருந்தார். எந்த நாள் என்பதை மட்டும்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

அன்று வானவர் கீதம் பாடும்போது எல்லா மணிகளையும் அடிப்பார்கள். அதோடு சரி. உயிர்ப்பு இரவு வரை மணிகளுக்கு வாய் கிடையாது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார்.

"புது ஆளுக்கு இன்னும் கை பழகலைடா. கயிறோட மல்லுக்கட்டுறான்."

கடைசி மணி ஓயும் வரை காத்திருந்தேன். பிறகுதான் தலையணையை எடுத்தேன். உறை நான் தைத்தது, மெல்லிய துணி. அவருடைய வலது கை கொஞ்ச நேரம் என் சட்டையைப் பிடித்திருந்தது. ஒரு பொத்தான் போயிற்று. பிறகு தலையணையைத் தலைக்கடியில் திரும்ப வைத்தேன். சவரம் செய்திருந்ததால் முகம் சுத்தமாக இருந்தது.

மறுநாள் காலை அண்ணி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் அந்தப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"திங்கக்கிழமை வரைக்கும் வெச்சா பூசை கிடைக்குமாமே தம்பி. மணியும் அடிப்பாங்களாமே."

"வேண்டாம் அண்ணி. இன்னைக்கே எடுத்துடலாம்."

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க. கல்யாணத்தைத் தள்ளி வைக்கிறேன், திங்கக்கிழமை வரைக்கும் பொறுடான்னு இவரு உங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு. ஐஸ்பெட்டியில அவளைப் பாக்க முடியல, இன்னைக்கே எடுங்கன்னு நீங்கதான் ஒத்தக் கால்ல நின்னீங்க. மறந்துட்டீங்களா தம்பி?"