சா, சா என்றவள்

ரங்கூன் படகுத்துறையில், தெற்கே வயல்காட்டு ஊர்களுக்குப் போகும் லாஞ்சுக்காகக் காத்து நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி கப்பலைவிட்டு இறங்கி இரண்டு நாள்தான் ஆகிறதாம். புருஷன் அங்கே நெல் வயலில் கூலி. மற்றவள் ஆறு வருஷமாக அங்கேயே இருப்பவள். அவள்தான் சொன்னாள்:

"அங்க யாராச்சும் உன்னப் பாத்து 'சா, சா'ன்னு சொன்னா கதவச் சாத்திடாத, தங்கச்சி."

"என்னக்கா இது? செத்துப் போன்னு சொல்றவள உள்ள விடுறதா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். போன புதுசுல எனக்கும் புள்ளைக்கும் காய்ச்சல். அவரு அறுப்புக்குப் போயிட்டாரு. அடுப்பு மூட்ட ஆளில்ல. பக்கத்து வீட்டு பர்மாக்காரி தெனமும் சட்டியோட வாசல்ல நின்னு, 'சா, சா'ன்னு கத்துவா. சட்டியில என்னன்னுகூட நான் பாக்கல."

"அப்புறம்?"

"நாலாம் நாள் புள்ள போயிட்டான். பொதச்சிட்டு வந்து உக்காந்தேன். அவ அழுதுகிட்டே சோத்த உருட்டி என் வாய்கிட்ட நீட்டி, 'சா'ன்னா. அவங்க பாசையில சாப்பிடுன்னு அர்த்தமாம்."

லாஞ்சு ஊதியது. புதியவள் மூட்டையைத் தூக்கவில்லை.

"இப்ப அவங்க பாசை எனக்கு நல்லா வருது, தங்கச்சி. அந்த ஒரு சொல்லு மட்டும் இன்னும் தமிழாவே கேக்குது."